வாத்து போடாத கூச்சல்

மாமனாரை மாட்டிவிடுவதற்கு மருமகனையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று வெளியில் தெரிந்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். துறைமுகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் படிகளில் ஏறும்போது வால் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். எப்போதும் துப்பறிவாளருக்குப் பின்னாலேயே போவதால் அவனுக்கு வால் என்று பெயர். அவனுடைய வாய்க்கும் அந்தப் பெயர்தான் பொருத்தம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

முன்னால் போன துப்பறிவாளருக்கு ஐம்பது வயது. மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தார். முப்பது வயது வாலுக்குத்தான் நாக்கு தள்ளியது.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கேஸ்ல நாம ஜெயிச்சா என் மாமனார் லைசன்ஸ் போயிடும். தோத்தா நம்ம பேர் போயிடும். இதுல எது தேவலை?"

"உன் வீட்டுக்காரி என்ன சொன்னா?"

"அப்பாவுக்கு ஒண்ணுன்னா வீட்டுப் பக்கமே வந்துடாதேன்னு சொல்லிட்டா. டூத் பிரஷைப் பையில போட்டுக் கையோட குடுத்தும் அனுப்பிட்டா."

"பேஸ்ட்?"

"தரலை, மேடம். அதான் பயமா இருக்கு."

மேலே துறைமுக அதிகாரி கூண்டுப் புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார். கழுத்தில் ஒரு விசில், மார்பில் ஒரு பைனாகுலர். கடலில் யாருக்கு எது நடந்தாலும் முதல் படகில் ஏறி அந்த விசிலை ஊதிக்கொண்டு தானே போய் நிற்பது அவர் வழக்கம். எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறார். அந்த விஷயத்தில் மனிதரை யாரும் குறை சொல்ல முடியாது.

"கடத்தல்! பச்சையான கடத்தல்!" என்றார். "காலையில இதே நாற்காலியில உக்காந்திருக்கேன். ரேடியோ அலறுது. வாத்து போட்லேர்ந்து மேடே, ஆபத்துக் கூச்சல்! சுக்கான் உடைஞ்சு பாறைப் பக்கம் போயிட்டிருக்காம். நான் சங்கை ஊதவிட்டு, இருக்கற படகையெல்லாம் கிளப்பிட்டு ஓடறேன். அங்க போய்ப் பார்த்தா..."

விசிலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார்.

"என்ன ஆச்சு?" என்றார் துப்பறிவாளர்.

"அந்த வாத்து டிரைவர் ஒரு கையில சுக்கானும் ஒரு கையில டீயுமா ஜாலியா வர்றான்! எனக்கு டாட்டா வேற காட்டறான்!"

வால் கண்ணை மூடிக்கொண்டான். டாட்டா காட்டியது சாட்சாத் அவன் மாமனார்தான். ஆறு வருஷமாக 'வாத்து' என்ற பயணிகள் படகை ஓட்டுகிறார். உண்மையில் அந்தப் படகுக்கு வேறு பெயர் உண்டு. அது போகும் வேகத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. ரேடியோவில்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"திரும்பி வந்து பார்த்தா வீட்டுல என் பொண்ணைக் காணோம். பெட்டியைக் காணோம். என் ஜன்னலுக்கு நேர் கீழதான் படகுத்துறை. எனக்குத் தெரியாம ஒரு ஈ படகு ஏற முடியாது. அதனாலதான் என்னை இங்கேர்ந்து கிளப்பியிருக்கானுங்க. அந்த டிரைவர்தான் கையாள்! அவனை சஸ்பெண்ட் பண்ணியாச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு விசாரணை. லைசன்ஸைக் கிழிச்சுட்டுத்தான் மறுவேலை!"

"பொண்ணு தானாப் போயிருக்கலாமே?" என்றான் வால்.

"என் பொண்ணா? கப்பல்ல ரேடியோ ஆபீசர் வேலை வந்துது. வேண்டாம்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், விட்டுட்டா. என் பேச்சைத் தட்டவே மாட்டா."

"எவ்வளவு நல்ல பொண்ணு," என்று துப்பறிவாளர் வாலைப் பார்த்தார். வால் கூரையைப் பார்த்தான்.

"நீங்க கேட்ட அந்தக் குரல், டிரைவர் குரல்தானா?"

"ஒரே கரகரப்பு. பின்னால இஞ்சின் சத்தம். வாத்துன்னு சொன்னா வாத்துதானே? வாத்துல வேற யாரு பேசுவா?"

"பதிவு இருக்குமே. திரும்பக் கேட்டீங்களா?"

"காதால கேட்டதை எதுக்கு இன்னொரு தடவை கேக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போனார். துப்பறிவாளர் அடுத்த அறைக்கு நகர்ந்தார்.

அங்கே ரேடியோ ஆபரேட்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கூச்சல் வந்த நேரத்தில் அவர் அறையில் இல்லை. அதிகாரியின் தொப்பியைச் சலவைக்கடையிலிருந்து வாங்கி வரப் போயிருந்தார்.

"தொப்பி கெடைச்சுதா?" என்று கேட்டான் வால்.

"கெடைச்சுது. என் தலை தப்புமான்னுதான் தெரியலை," என்று சொல்லி ஆபரேட்டர் பதிவை ஓடவிட்டார்.

முதலில் டர்ர்ரென்று ஒரு இரைச்சல். அதற்கு நடுவே, வாயில் துணியைச் சுற்றிக்கொண்டு பேசுவது போல ஆணா பெண்ணா என்று பிடிபடாத ஒரு குரல் வந்தது. "பான் பான், பான் பான், பான் பான். எல்லா நிலையங்களுக்கும். வாத்து, வாத்து, வாத்து. சுக்கான் உடைஞ்சுடுச்சு. பாறைப் பக்கம் போயிட்டிருக்கோம். இழுத்துட்டுப் போக உதவி வேணும். ஓவர்."

துப்பறிவாளர் இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் அதே பான் பான்.

"மேடேன்னுதானே அதிகாரி சொன்னார்?"

ஆபரேட்டர் இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவருக்கு எல்லாமே மேடேதாங்க. கொடி கிழிஞ்சாலும் மேடேம்பார். நானும் பதட்டத்துல இதைக் கேக்கவே இல்லை. ரெண்டும் வேற வேறங்க. மேடேன்னா உயிர் போகுதுன்னு அர்த்தம். கப்பல் முழுகுது, நெருப்புப் புடிச்சுடுச்சு, இப்பவே வந்தாத்தான் உண்டு. பான் பான்னா அவசரம், உதவி வேணும், ஆனா இப்போதைக்கு உயிருக்கு ஆபத்து இல்லை. எதுவானாலும் மூணு தடவை சொல்லணும்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றான் வால்.

"மாமியார் ஊர்லேர்ந்து வர்றாங்கன்னா பான் பான். வந்து நம்மகூடவே தங்கப் போறாங்கன்னா மேடே."

"இதைப் பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்திருந்தா நான் உருப்பட்டிருப்பேன்."

ஆபரேட்டர் சிரிக்கவில்லை. "விளையாட்டில்லைங்க. ஒருத்தர் மேடே குடுத்தா மத்தவங்க எல்லாரும் வாயை மூடிக்கணும். சும்மா ஒருத்தன் மேடேன்னு கத்தினா, அந்த நேரம் பார்த்து நிஜமா முழுகறவன் கூப்பிட்டா என்ன ஆகும்? எங்க டீச்சர் ஸ்கேலால மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லுவாங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நான் தப்பாச் சொல்லமாட்டேன்."

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

"வால், இந்த ஆள் பொய் சொல்றாரு. ஆனா அளவாப் பொய் சொல்றாரு. ஊரையே ஓடவிடணும், அதே சமயம் யார் உயிருக்கும் இடைஞ்சல் வரக்கூடாதுன்னு பார்த்திருக்காரு. பொய் சொல்லும்போதுகூடத் தொழில் சுத்தம். வா, உன் மாமனாரைப் பார்க்கலாம்."

மாமனார் படகுத்துறையில் வாத்துக்குப் பக்கத்தில், கயிறு கட்டும் கட்டையின் மேல் சோகமாக உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை. இன்றைக்கு அது இரண்டு பக்கமும் தொங்கிப்போயிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. என்னைப் புடிக்க வந்தீங்களா? கையை நீட்டட்டுமா?"

"மாமா, சும்மா இருங்க. மேடம் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

துப்பறிவாளர் கேட்டார். "உங்க போட் முழுகுதுன்னு வெச்சுக்குங்க. ரேடியோவை எடுத்து என்ன சொல்லுவீங்க?"

"ஹலோ ஹலோம்பேன்."

"அப்புறம்?"

"அய்யய்யோம்பேன்."

வால் நெற்றியில் அடித்துக்கொண்டான். "மாமா! மேடேன்னு சொல்ல மாட்டீங்களா?"

"அது சினிமாவுல சொல்றது மாப்பிள்ளை. பரீட்சைக்குப் படிச்சேன், எழுதினேன். மேடே மட்டும்தான் ஞாபகம் இருக்கு. வாய்க்கு வராது."

"பான் பான்?" என்றார் துப்பறிவாளர்.

மாமனார் மருமகனைப் பார்த்தார். "மேடம் ஏதாவது சாப்பிடக் கேக்கறாங்களா?"

வாலுக்கு நிம்மதி வந்தது. இந்த மனிதர் சத்தியமாக அந்தக் குரல் இல்லை. ஆனால் அதை யாரிடம் சொல்வது? மருமகன் சொன்னால் செல்லுமா? "எனக்கு ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை. இந்த வேலையை விட்டா இந்த வயசுல எனக்கு வேற என்ன தெரியும்?" என்று மாமனார் மெல்லச் சொன்னபோது வாலுக்குக் கிண்டல் எதுவும் தோன்றவில்லை. பிடிக்காத மாமனார்தான் என்றாலும் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தான்.

"மேடம், அந்தப் பொண்ணேதான் கூப்பிட்டிருக்கணும்," என்றான் நடக்கும்போது. "அவ ரேடியோ படிச்சவ."

"அப்பா ஜன்னலை விட்டுப் போற நேரம் பார்த்து அவ இங்க படகுல பெட்டியோட ஏறணும். சுத்தி அத்தனை பேர் இருக்கும்போது, வாயைத் துணியால மூடிட்டு ரேடியோவுல பொய் பேசுவாளா? கூப்பிட்டது வேற ஆள். பொண்ணு காணாமப்போன வீட்டைப் பார்ப்போம், வா."

அதிகாரியின் குடியிருப்பு துறைமுகத்துக்குள்ளேயே, வெள்ளை அடித்த சின்ன மாடி வீடு. சாப்பாட்டு அறையில் அதிகாரி சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அலமாரியில் ஒரு கை ரேடியோ பச்சை விளக்கோடு சார்ஜில் இருந்தது. வீட்டில் இருக்கும்போதும் துறைமுகத்தில் நடப்பது காதில் விழவேண்டும் என்று அவரே கொண்டுவந்து வைத்ததாம்.

அதிகாரியின் மனைவி அமைதியான பெண்மணி. நரைத்த தலையை ஒழுங்காக முடிந்திருந்தார். மகளைக் காணாத தாயின் முகமாக இல்லை அது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் முகமாக இருந்தது.

"வெயில்ல வந்திருக்கீங்க. ஜூஸ் போடறேன்," என்று உள்ளே போனார்.

டர்ர்ரென்று சமையலறையில் மிக்ஸி ஓடியது. உட்காரப் போன வால் பாதியிலேயே நின்றுவிட்டான். தினமும் காலையில் அவன் வீட்டில் மிக்ஸி ஓட்டுவது அவன்தான். அந்தச் சத்தத்தை அவனுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோபுரத்தில் கேட்டது இஞ்சினே இல்லை.

"மேடம்..." என்று வாயைத் திறந்தான். துப்பறிவாளர் மேஜைக்கடியில் அவன் காலை ஒரு மிதி மிதித்தார்.

அதிகாரியின் மனைவி தம்ளர்களோடு வந்தார். துப்பறிவாளர் ஒரு வாய் குடித்துவிட்டு, அதிகாரியிடம் சாவகாசமாக ஆரம்பித்தார்.

"ஐயா, கேஸ் முடிஞ்ச மாதிரிதான். கூப்பிட்டவன் ஒரு அரைகுறை. ரேடியோன்னா என்னன்னே தெரியாத தற்குறி."

"அப்படிப் போடுங்க!" என்றார் அதிகாரி.

"மனசாட்சி இல்லாத ஜென்மம். ஒரு சுக்கான் உடைஞ்சதுக்குப் போய் யாராவது மேடே குடுப்பாங்களா? நிஜமா ஒரு உயிர் முழுகிட்டிருந்தா அதோட கதி என்ன? அந்தப் புனிதமான வார்த்தையை மூணு தடவை, வெக்கமில்லாம, மேடே மேடே மேடேன்னு..."

"மேடேன்னு யார் சொன்னா?" என்று ஒரு குரல் வெட்டியது. அதிகாரியின் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "சுக்கான் போச்சுன்னா பான் பான்தான். அதுவும் முறைப்படிதான் சொல்லியிருக்கு. எதையும் சரியாத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க!"

வால் ஜூஸை விழுங்க மறந்தான். அந்தப் பதிவைக் கேட்டவர்கள் ஆபரேட்டர், துப்பறிவாளர், அவன் ஆகிய மூன்று பேர்தான். காலையிலிருந்து துறைமுகம் முழுக்க மேடே என்றுதான் பேச்சு. இந்த அம்மாளுக்கு மட்டும் பான் பான் எப்படித் தெரியும்? வீட்டு ரேடியோவில் கேட்டிருந்தால் காலையிலேயே கணவரைத் திருத்தியிருப்பாரே.

அதிகாரிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "நீ கல்யாணத்துக்கு முன்னால ரேடியோ டீச்சரா இருந்தது சரி, எதுக்கு வந்தவங்களை அதட்டறே?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டினார். "எனக்கு விசாரணைக்கு ஏற்பாடு பண்ணணும். நீங்க ரிப்போர்ட்டோட வந்துடுங்க." விசில் ஆட, வேகமாகப் போய்விட்டார்.

வாசல் கதவு சாத்திய பிறகு அதிகாரியின் மனைவி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வேணும்னுதானே என்னைச் சீண்டினீங்க?"

"மன்னிக்கணும். நல்ல டீச்சருக்குத் தப்பான பதிலைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியாது," என்றார் துப்பறிவாளர்.

"அவ ஆசைப்பட்டுப் படிச்சா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். இவருக்குக் கடல்னா முழுகினவங்க ஞாபகம் மட்டும்தான் வரும். பெத்த பொண்ணை அனுப்ப பயம். பயம்னு சொல்ல வராது, கூடாதுன்னு மட்டும் சொல்ல வரும். வேலை வேண்டாம்னு அவ எழுதிட்டதா நான்தான் இவர்கிட்ட பொய் சொல்லிவெச்சேன். இன்னைக்குக் காலையில அவ ஏறலைன்னா வேலை வேற யாருக்கோ போயிடும். கப்பல்லேர்ந்தே படகு அனுப்பறேன்னாங்க, ஜன்னல்ல இவர் இருந்தாரு, வேற வழி தெரியலை."

"மேடேன்னு சொல்லியிருந்தா இன்னும் வேகமா ஓடியிருப்பாரே?" என்றான் வால்.

"எப்படிப்பா சொல்றது? யார் உயிருக்கும் ஆபத்து இல்லையே. ஆனா அவசரம்தான்." அவர் ஜன்னல் வழியே படகுத்துறையைப் பார்த்தார். "அந்த டிரைவரைத் திட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நெனைச்சேன். லைசன்ஸ் வரைக்கும் போகும்னு நெனைக்கலை. கப்பல் இன்னும் வெளித்துறையிலதான் நிக்குது. தண்ணி ஏறினதும் கிளம்பிடும். அதுவரைக்கும் மட்டும் பேசாம இருங்களேன். அப்புறம் நானே வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"தண்ணி எப்போ ஏறும்?"

"ஆறு மணிக்கு."

விசாரணை ஐந்து மணிக்கு. துப்பறிவாளர் வாலைப் பார்த்தார். வால்தான் பேசினான். அவனுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

"அம்மா, அந்த டிரைவர் என் மாமனார். எனக்கும் அவருக்கும் ஆகாது. ஆனா மனுஷன் காலையிலேர்ந்து அந்தக் கட்டை மேலயே உக்காந்திருக்கார். எல்லார் முன்னாலயும் அவர் லைசன்ஸைக் கிழிச்சப்புறம் நீங்க உண்மையைச் சொன்னா, லைசன்ஸை ஒட்டிடலாம். அவரை ஒட்ட முடியாது."

அதிகாரியின் மனைவி தம்ளர்களை ஓரமாக நகர்த்தினார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்த கை ரேடியோவை எடுத்தார்.

"கூப்பிட்டவங்களேதான் ரத்து பண்ணணும். அதான் முறை," என்றார்.

பொத்தானை அழுத்தினார். குரல் நடுங்கவில்லை.

"பான் பான், பான் பான், பான் பான். எல்லா நிலையங்களுக்கும். காலையில வாத்து பேர்ல போன அவசர அழைப்பு ரத்து. அது பொய். அனுப்பினது நான், துறைமுக அதிகாரியோட மனைவி. என் பொண்ணு வேலைக்குக் கப்பல் ஏறணும்கறதுக்காகப் பண்ணினேன். வாத்து டிரைவர் மேல ஒரு தப்பும் இல்லை. விசாரணைக்கு நானே வர்றேன். ஓவர்."

பிறகு ரேடியோவிலிருந்து காது கிழிகிற மாதிரி ஒரு விசில். தொடர்ந்து அதிகாரியின் குரல்.

"பைலட் படகு! உடனே வெளித்துறைக்குப் போய் என் பொண்ணைக் கூட்டிட்டு வா!"

"பைலட் படகு பேசறேன் ஐயா. இஞ்சின் கிளம்ப மாட்டேங்குது. ஓவர்."

"அப்போ இழுவைப் படகு!"

"இழுவைப் படகு ஐயா. காலையில நீங்க விரட்டின விரட்டுல டீசல் தீந்துபோச்சு. ஓவர்."

"காவல் படகு?"

"சுக்கான் சிக்கிக்கிச்சு ஐயா. ஓவர்."

வால் வாயைப் பொத்திக்கொண்டான். ஜன்னல் வழியே பார்த்தால் மூன்று படகுகளும் கன்னத்தில் கைவைத்துக் கதை கேட்பது போல் துறையில் சும்மா நின்றன.

"யாருமே இல்லையா? வாத்து! வாத்து எங்கே?"

"ஹலோ ஹலோ," என்று வாலின் மாமனார் குரல் வந்தது. "நான் இங்கதாங்க இருக்கேன். போட்டும் நல்லா இருக்கு. ஆனா என்னை சஸ்பெண்ட் பண்ணியிருக்கீங்களே. எப்படிங்க போட்டை எடுக்கறது?"

"சஸ்பெண்ட் எல்லாம் ரத்துய்யா! நீ வேலையிலதான் இருக்கே! கிளம்பு!"

"லைசன்ஸ்?"

"ஒண்ணும் ஆகாது! பத்திரமா இருக்கு! கிளம்புய்யா!"

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றார் மாமனார். கேட்டோம் என்று மூன்று படகுகளும் ஒரே குரலில் சொல்லின. வாத்து ஒரு தரம் உறுமிவிட்டு, ஆடி அசைந்து துறையை விட்டு நகர்ந்தது.

"வேகமாப் போய்யா!"

"துறைமுகத்துக்குள்ள வேகமாப் போனா லைசன்ஸ் ரத்துன்னு நீங்கதானே போர்டு வெச்சிருக்கீங்க. இப்போதாங்க அது திரும்பக் கெடைச்சிருக்கு."

ரேடியோ வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. அப்போது அந்த இரைச்சலுக்குள்ளிருந்து தெளிவான ஒரு இளம்பெண் குரல் வந்தது.

"துறைமுகக் கட்டுப்பாடு, வெளித்துறையில நிக்கற சரக்குக் கப்பல்லேர்ந்து ரேடியோ ஆபீசர் பேசறேன். தண்ணி ஏறினதும் கிளம்பறதுக்கு அனுமதி கேக்கறோம். ஓவர்."

அதிகாரியின் மனைவி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அனுமதி தர வேண்டிய ஆள் துறைமுகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கப்பல் நகராது.

வெகுநேரம் கழித்து அதிகாரியின் குரல் வந்தது. அதில் இப்போது விசில் இல்லை.

"நீ உக்காந்திருக்கற இடத்துல ஜன்னல் இருக்கா? ஓவர்."

"இருக்குப்பா. ஓவர்."

"அதுலேர்ந்து கோபுரம் தெரியுதா? ஓவர்."

"நல்லாத் தெரியுது. நீங்க பைனாகுலர்ல பார்க்கறதுகூடத் தெரியுது. ஓவர்."

"சரி." தொண்டையைச் செருமும் சத்தம். "அனுமதி தரப்படுது. எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் முதல்ல எனக்குத் தகவல் குடுக்கணும். ஓவர்."

அதிகாரியின் மனைவி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். துப்பறிவாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை எதையும் கண்டுபிடித்ததற்காக இல்லை.

வாலின் சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்துதான். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுத்தான்.

"அப்பா இப்போதான் போட்லேர்ந்து பேசினார்," என்றாள் மனைவி. "அந்தக் குரல் தன்னோடது இல்லைன்னு அவரே மூளையை உபயோகிச்சு நிரூபிச்சுட்டாராம். அதிகாரியே ரேடியோவுல மன்னிப்புக் கேட்டாராம். நீ அதிகாரி வீட்டு ஜன்னல்ல நின்னு ஜூஸ் குடிச்சிட்டு இருந்தியாமே?"

வால் வாயைத் திறந்தான். கட்டை மேல் தொங்கிய மீசையோடு உட்கார்ந்திருந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டான்.

"ஆமா," என்றான். "உங்கப்பாதான் கண்டுபிடிச்சார்."

"எனக்குத் தெரியும். சரி, பரவாயில்லை, வீட்டுக்கு வா. வரும்போது அப்பாவையும் கூட்டிட்டு வந்துடு. பத்து நாள் நம்மகூடத் தங்கட்டும்."